டர்பனில் ஹானர்ஸ் ஆய்வேடு: தலைப்பை எப்படிப் பிடிப்பது?

பி.ஏ. வரலாறு முடித்து ஹானர்ஸ் சேரப்போகிறேன், அங்கே செய்யும் ஆய்வும் பொறியியல் படிக்கும் அண்ணனின் புராஜெக்டும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றல்ல. தென்னாப்பிரிக்காவில் பொறியியல் பட்டம் 4 ஆண்டு. கடைசி ஆண்டில் ஏதாவது ஒன்றை வடிவமைத்து, அது சரியாக வேலை செய்கிறதா என்று அளந்து காட்ட வேண்டும். பி.ஏ., பி.எஸ்ஸி. மாணவர்களுக்கு 3 ஆண்டுப் பட்டத்துக்குப் பின் வரும் ஓராண்டு ஹானர்ஸ் படிப்பில்தான் முறையான ஆய்வு. அந்தப் படிப்பின் 120 கிரெடிட்டில் குறைந்தது 30 ஆய்வுக்கே. ஒரு கிரெடிட் என்றால் சுமார் 10 மணி நேர உழைப்பு, ஆக மொத்தம் சுமார் 300 மணி நேரம். அறிவியலில் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே நடக்கிற வேலையின் ஒரு துண்டு கைக்கு வரும். வரலாற்றிலோ கேள்வியை நீங்களே தேட வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

‘தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாறு’ என்று எடுத்துவிடாதீர்கள், 300 மணிக்குள் அடங்கவே அடங்காது. 1860 நவம்பர் 16 அன்று இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலின் பயணிகள் பட்டியலை மட்டும் எடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் என்று வரிவரியாகப் போகும். எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர்? குடும்பமாக வந்தவர்கள் யார், தனியாக வந்த பெண்கள் யார்? ஓர் ஆண்டுக்கு இதுவே தாராளம். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்கு முதலில் போய்ப் பாருங்கள்.

அப்புறம், சொந்தப் பாட்டியைப் பேட்டி எடுப்பதாக இருந்தாலும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அனுமதி வர வாரக்கணக்கில் ஆகலாம், ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.