வாசகர் கேள்வி: நாயின் அரிப்புக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் நாய் சில நாட்களாக வாலின் அடிப்பகுதியை ஓயாமல் கடித்துக்கொண்டும் நக்கிக்கொண்டும் இருக்கிறது. அங்கே முடி உதிர்ந்து, தோல் சிவந்து, ஈரம் கசிகிறது. தேங்காய் எண்ணெயில் சில துளி டீ ட்ரீ ஆயில் கலந்து தடவச் சொல்கிறார்கள். தடவலாமா?

பதில்: வேண்டாம். டீ ட்ரீ ஆயில் நாய்களுக்கு நஞ்சு. தோல் வழியாகவோ நக்குவதாலோ உள்ளே சென்றால் தள்ளாட்டம், நடுக்கம், வாந்தி போன்றவை ஏற்படலாம். தேங்காய் எண்ணெய் நஞ்சல்ல என்றாலும், கசியும் புண்ணின் மேல் ஈரத்தைத் தேக்கிவிடும். அதன் சுவைக்காகவே நாய் இன்னும் அதிகமாக நக்கும்.

முதலில் காரணத்தைப் பாருங்கள். வாலடியில் தொடங்கும் அரிப்புக்குப் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சிதான் காரணம்; அதன் உமிழ்நீர் ஒவ்வாத நாய்க்குச் சில கடிகளே போதும். நெருக்கமான பற்களுள்ள சீப்பால் வாரி, விழும் கரும்பொடியை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டுங்கள். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது செரித்த இரத்தம். அப்படியானால் மருத்துவர் சொல்லும் தெள்ளு மருந்தை வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் (நாய் மருந்தைப் பூனைக்குப் போடாமல், அததற்கு உரியதாகக் கேட்டு வாங்கி) தர வேண்டும். பூச்சியின் முட்டைகள் உதிர்ந்து கிடக்கும் படுக்கை விரிப்புகளைச் சூடான நீரில் துவைக்காவிட்டால் தொல்லை திரும்பிவிடும்.

புண்ணைப் பொறுத்தவரை, சுற்றியுள்ள முடியைக் கவனமாகக் கத்தரித்து, கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சுத்தமான துணியால் நாளுக்கு 2 அல்லது 3 முறை ஒற்றித் துடைத்துக் காயவிடுங்கள். நக்குவதைத் தடுக்கும் கழுத்துக் கூம்பு, எந்தக் களிம்பையும்விட அதிகப் பயன் தரும் என்பேன். நாய் கோபித்துக்கொள்ளும், பொருட்படுத்தாதீர்கள்.

பொடித்த ஓட்ஸ் கலந்த வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவைப்பது புண்ணில்லாத, வறண்ட அரிப்புக்கு இதமளிக்கும். உங்கள் நாய்க்கு இப்போது பொருந்தாது. வினிகர் புண்ணில் எரியும். துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்புகளை நக்கினால் நஞ்சாகலாம்.

2 நாட்களில் புண் ஆறத் தொடங்காவிட்டாலோ, சீழ், துர்நாற்றம், காய்ச்சல், சோர்வு தெரிந்தாலோ, புண் வேகமாகப் பரவினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வட்டமாக முடி கொட்டினாலோ வீட்டில் உள்ளவர்களுக்கும் அரிப்பு வந்தாலோ, அந்த 2 நாட்கள்கூடக் காத்திருக்க வேண்டாம். படர்தாமரையும் ஒருவகைச் சொறியும் நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியவை.