ஒன்றரை மனிதர்

வணக்கம் ஐயா,

வடமராட்சியில் ஒரு பாடசாலையில் சைவநெறி படிப்பிக்கிறேன். இந்த மே மாதம் எங்கள் சந்தியில், 2009 போரின் கடைசி நாட்களில் செத்த சனத்தின் நினைவாக, முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். சிரட்டையில் வாங்கிக் குடித்த ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி பிறகு வகுப்பில் எழும்பிக் கேட்டாள்: "ரீச்சர், புத்தர் கொல்லச் சொன்னவரா?"

இல்லை, அவருடைய பெயரால் மற்றவர்கள் செய்தார்கள் என்றேன். "அப்ப சமயமே இல்லாட்டி இதொண்டும் நடந்திருக்காதோ?" என்றாள். மணி அடித்துவிட்டது, நானும் தப்பிவிட்டேன். கனடாவில் இருக்கும் என் தம்பியிடம் இதைச் சொன்னால், "உலகத்தில நடந்த எல்லா இனப்படுகொலைக்கும் வேர் மதம்தான், நீ அதையே படிப்பிச்சுக்கொண்டிருக்கிறாய்" என்கிறான். அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்ல வேண்டும்?

சைவநெறி ஆசிரியை
(பெயர் வேண்டாம் ஐயா)

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு கிழமையாக மேசையில் வைத்திருந்தேன். பிள்ளையின் முதல் கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில் சரி. எல்லாரும் தண்டனைக்கு நடுங்குகிறார்கள், எல்லாரும் சாவுக்குப் பயப்படுகிறார்கள், உன்னைப் போலவே மற்றவரையும் நினைத்துக்கொண்டு கொல்லாமலும் கொல்லச் செய்யாமலும் இரு என்பதுதான் தம்மபதம் சொல்வது. இரண்டாவது கேள்விதான் பெரியது.

முதலில் உங்கள் தம்பி. மதத்தை எடுத்துவிட்டால் கொலை நின்றுவிடும் என்றால் கம்போடியாவில் நின்றிருக்க வேண்டும். 1975இல் ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிச இயக்கம் மதத்தையே ஒழித்தது. பிக்குகளின் காவியைக் கழற்றி வயலுக்கு அனுப்பினார்கள். நாலு வருடத்துக்குள் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் செத்தது. ஆனால் அங்கேயும் சாம் முஸ்லிம்களைப் பிடித்துப் பன்றி இறைச்சியைக் கட்டாயப்படுத்தித் தின்னவைத்தார்கள். எந்தக் கடவுளையும் நம்பாதவர்களுக்கும் ஆளைப் பிரித்தெடுக்க மதம் உதவியிருக்கிறது.

ருவாண்டாவில் நிலைமை நேர்மாறு. 1994 ஏப்ரலில் தொடங்கி நூறு நாட்களுக்குள் குறைந்தது ஐந்து இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், எட்டு இலட்சம் என்போரும் உண்டு. கொன்ற ஹூட்டுக்களும் செத்த டுட்சிகளும் பெரும்பாலும் ஒரே சமயம். ஒரே பாசை பேசி, ஒரே கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, ஒரே வாங்கில் இருந்து பூசை கண்டவர்கள். அவர்களைப் பிரித்தது, 1930களில் பெல்ஜியக்காரர் கொடுத்த அடையாள அட்டையில் இருந்த ஒரு சொல். முந்தைய கலவரங்களில் கோயிலுக்குள் ஓடியவர்கள் தப்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில் இந்த முறையும் ஓடினார்கள். நியாங்கே என்ற ஊரில் சுமார் 1500 பேர் உள்ளே இருக்க, கோயிலைப் புல்டோசரால் இடித்து விழுத்தினார்கள். அதற்காக இனப்படுகொலைக் குற்றவாளி என்று ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது அந்தக் கோயிலின் பங்குக் குருவானவருக்கு. அதானாஸ் செரோம்பா என்பது அவர் பெயர், தீர்ப்பு 2008இல் வந்தது. உள்ளே செத்தவை, ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் நன்மை (நற்கருணை) வாங்க வந்த முகங்கள்.

இதை வாசிக்கும்போது எனக்கு யாழ்ப்பாணத்து நவாலிதான் நினைவு வரும். 1995 ஜூலை 9. ஆமி முன்னேறுகிறது, சனம் வலிகாமத்து ஊர்களை விட்டு ஓடி வந்து சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. மேலே இருந்து குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள். அதில் சைவர்களும் இருந்தார்கள், வேதக்காரரும் (கிறிஸ்தவர்) இருந்தார்கள். தண்ணி குடிக்கவும் இளைப்பாறவும் உள்ளே போனவர்கள்.

சரி, அப்படியானால் மதத்துக்கு இதில் பங்கில்லையா? இருக்கிறது. உங்கள் தம்பி தேடுகிற இடத்தில் இல்லை.

இலங்கைப் பௌத்தரின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தின் 25ஆம் அத்தியாயத்தை நீங்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு அரண்மனை மேல்மாடத்தில் படுத்திருக்கிறான். வாசனை விளக்குகள், ஆடல்மகளிர், எல்லாம் இருக்கிறது. ஆனால் அவனுக்குச் சந்தோசம் இல்லை. எத்தனை ஆயிரம் உயிர் போய்விட்டதே என்று நினைக்கிறான். பியங்கு தீவில் இருந்த அரகந்தர்கள் (ஞானம் அடைந்த பிக்குகள்) அவன் மனதை அறிந்து எட்டுப் பேரை அனுப்புகிறார்கள். (அந்தப் பியங்கு தீவு நம்முடைய புங்குடுதீவுதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.) நடுச்சாமத்தில் வந்தவர்களிடம், இவ்வளவு பேரைக் கொன்ற எனக்கு என்ன ஆறுதல் என்று கேட்கிறான் மன்னன். அவர்கள் சொல்கிறார்கள்: நீ சொர்க்கம் போவதற்கு இதனால் ஒரு தடையும் இல்லை. நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான். ஒருவன் மும்மணிகளைச் சரணடைந்தவன், மற்றவன் ஐந்து சீலங்களை எடுத்தவன். மிச்சப் பேர் மிருகத்துக்குச் சமம்.

இதை முதல்முறை வாசித்தபோது எனக்குத் துட்டகைமுனுவில் கோபம் வரவில்லை. நித்திரை வராமல் கிடந்த அந்த மனிதன் சரியாகத்தான் இருந்தான். எல்லாளனுக்குச் சமாதி கட்டி வழிபாடு செய்யச் சொன்னவனும் அவன்தான் என்று அதே நூல் சொல்கிறது. அவன் கொல்லும்போது யாரும் பக்கத்தில் நின்று மந்திரம் சொன்னார்களா என்பதில் எனக்குக் கவலை இல்லை. கொன்றுவிட்டு வருந்தியவனிடம் நள்ளிரவில் போய், வருந்தாதே, அவர்கள் கணக்கில் இல்லை என்று சொன்னார்களே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. நிலத்துக்கும் ஆட்சிக்கும் ஆக அரசு கொல்லும். அதற்கு 1956இன் தனிச்சிங்களச் சட்டம் போதும், 1972இன் யாப்பு போதும், ஆமி போதும். கொன்றவன் நித்திரை கொள்வதற்குத்தான் சமயம் தேவைப்படுகிறது.

இது பழங்கதை என்று விடவும் முடியாது. 2017 ஒக்டோபரில், ரோகிங்கியா முஸ்லிம்கள் இலட்சக்கணக்கில் பங்களாதேசுக்குள் ஓடிக்கொண்டிருந்த நேரம், பர்மாவின் மிகப் பெரிய பிக்குகளில் ஒருவரான சித்தகு சயாடோ இராணுவ அதிகாரிகளுக்கு முன்னால் இருந்து போதனை செய்தார். அவர் எடுத்த கதை இதுதான். நம்முடைய தீவின் கதை, அதே ஒன்றரை மனிதர். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த நாட்டின் சீருடைக்காரர்கள். ஒன்றரை ஆயிரம் வருடத்துக்கு முன் அநுராதபுரத்தில் ஒரு பிக்கு எழுதி வைத்த ஆறுதல் கடல் தாண்டிப் போய் இன்னும் வேலை செய்கிறது.

ரீச்சர், இதுவரை எழுதியது எழுத எனக்குச் சுகமாக இருந்தது. எல்லாம் அடுத்தவர் வீட்டுக் கதை. இனி நம்முடையது.

நீங்கள் சம்பந்தர் பாடம் எடுக்கும்போது அனல்வாதம் சொல்லுவீர்கள், புனல்வாதம் சொல்லுவீர்கள், ஏடு வைகையில் எதிர்நீச்சல் போட்டதைச் சொல்லும்போது பிள்ளைகள் வாயைத் திறந்து கேட்கும். அதற்கு அடுத்ததை எப்படிச் சொல்கிறீர்கள்? எண்ணாயிரம் சமணர் கழுவேறியதை எனக்குப் படிப்பித்த வாத்தியார் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுப் போனார். அது உண்மையில் நடந்ததா என்று வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் இருக்கிறது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு, சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டு, இடையில் ஐந்நூறு வருடம். நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நடக்காத ஒன்றை நாம் ஏன் இவ்வளவு நிம்மதியாகச் சொல்லிக்கொண்டு வந்தோம்? தோற்றால் கழுவேறுகிறோம் என்று அவர்களே சொன்னார்கள் என்று பெரியபுராணம் சொல்லும். அந்த ஒரு வரியோடு நமக்கும் நித்திரை வந்துவிடுகிறது.

1544இல் மன்னாரில் புதிதாக வேதத்தில் சேர்ந்த தமிழர் ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலியன் வெட்டுவித்தான். போர்த்துக்கேயருக்கு விசுவாசமாகிவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு. அது பொய்ப் பயமும் இல்லை. ஆனால் செத்தவர்கள் மீன் பிடித்துச் சீவித்த சனம்.

அதையும் பழங்கதை என்பீர்கள் என்றால் நான் கண்டதைச் சொல்கிறேன். 1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. எனக்குப் பதினாலு வயது. யாழ்ப்பாணத்தில் சோனகத் தெரு, ஐந்து சந்திப் பக்கத்து முஸ்லிம் சனத்தையெல்லாம் ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். காசும் நகையும் பறிக்கப்பட்டது. வடக்கு முழுவதிலும் இருந்து அந்தக் கிழமைகளில் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்கள் பேசியது நாங்கள் பேசுகிற அதே தமிழ். புலிகள் சமய இயக்கம் இல்லை, அதில் சைவரும் இருந்தார்கள், வேதக்காரரும் இருந்தார்கள். எந்த ஐயரும் எந்தச் சுவாமியாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் யார் போக வேண்டும், யார் இருக்கலாம் என்ற கோட்டைக் கீறியது சமயம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் பிள்ளையார் கோயிலில் வழமைபோலப் பூசை நடந்தது. பஞ்சபுராணம் நான்தான் பாடினேன். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. சைவநீதி உலகமெல்லாம் விளங்க வேண்டும் என்று வாழ்த்துப் பாடி, திருநீறு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த வருடம் எங்கள் வீட்டுக்கு ஒரு தையல் மெசின் வந்தது. அப்பா மலிவாக எங்கேயோ வாங்கி சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். எங்கிருந்து என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா துடைக்கும்போது லாச்சிக்குள் பட்டன்களுக்கு அடியில் ஒரு கடதாசித் துண்டு கிடந்தது. ஒரு சோனகப் பெயர், அதற்குக் கீழே பென்சிலால் எழுதின அளவு: நெஞ்சு 26, நீளம் 18. ஒரு சின்னப் பெடியனின் சட்டை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா துண்டைத் திரும்ப வைத்துவிட்டுச் சொன்னா, "நாங்கள் வாங்காட்டி வேற ஆரும் வாங்குவினம். கிழக்கில எங்கட சனத்துக்கு அவங்கள் என்ன செய்தவங்கள் எண்டு தெரியுந்தானே."

அம்மா சொன்னது பொய் இல்லை. 1990 ஆவணியில், கிழக்கில், வீரமுனைப் பிள்ளையார் கோயிலுக்குள் அகதியாக இருந்த தமிழரைக் கொன்றவர்களில் முஸ்லிம் ஊர்காவல் படையினரும் இருந்தார்கள். அதற்குச் சில நாள் முன்னம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டார்கள். ஆனால் அந்த 26 அங்குல நெஞ்சுக்காரன் வீரமுனையில் என்ன செய்தான்? அம்மா மிக நல்ல மனுசி. பிச்சைக்காரருக்கு மிச்சச் சோறு போட மாட்டா, புதுச் சோறுதான் போடுவா. அவவின் வாயில் இருந்து வந்த அந்த வசனத்தை, பிறகு மகாவம்சம் வாசித்தபோது அரகந்தர்களின் வாயில் கேட்டேன்.

இதை எழுதுவதால் முள்ளிவாய்க்காலின் பாரம் குறையும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது இனப்படுகொலைதான் என்று 2015 பெப்ரவரியில் வடமாகாண சபை நிறைவேற்றிய தீர்மானத்தில் எனக்கு ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. சரியாகச் சொல்லப் போனால், அதைச் சொல்லும் தகுதிக்காகத்தான் மெசினைப் பற்றியும் சொல்கிறேன்.

மதத்தின் மறுபக்கத்தையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். 2011 தையில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை அரசின் ஆணைக்குழு முன்னால் போய் ஒரு கழித்தல் கணக்குச் செய்து காட்டினார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் என்று கச்சேரி (அரச செயலகம்) சொன்ன தொகை 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேர் எங்கே? அவ்வளவுதான் அவர் கேட்டது. எட்டு அரகந்தர்கள் ஆயிரக்கணக்கைக் குறைத்து ஒன்றரை ஆக்கினார்கள். இந்த ஆயர் கடைசி ஒன்பது பேர் வரைக்கும் விடாமல் எண்ணினார். அதேபோல 2009 மே 18இல் வட்டுவாகலில், ஆமியிடம் சரணடைந்தவர்களின் பெயர்களைப் பட்டியல் எழுதி, அவர்களோடு பஸ்ஸில் ஏறிப் போனவர் பிரான்சிஸ் யோசப் அடிகளார். சம்பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். அவரும் திரும்பி வரவில்லை, பட்டியலும் வரவில்லை.

ஆகவே, ரீச்சர், சமயம் இல்லாவிட்டால் இது நடந்திருக்காதா என்று பிள்ளை திரும்பக் கேட்டால், நடந்திருக்கும் பிள்ளை, ஆனால் செய்தவர்களுக்கு இவ்வளவு இலேசாக நித்திரை வந்திருக்காது என்று சொல்லுங்கள். பிறகு சம்பந்தர் பாடத்தில் கழுவேற்றம் வரும்போது அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பிள்ளைகள் கேட்கிறதைக் கேட்கட்டும். சமணருக்கு அம்மா இருந்ததா என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும்.

மெசின் இன்னும் அம்மாவின் அறையில்தான் இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது எண்பத்திரண்டு. போன வருடம் அவவே என்னைக் கூப்பிட்டு, "அதைக் குடுத்துப்போடு" என்றா. துண்டில் இருந்த பெயரோடு சோனகத் தெருவுக்குப் போனேன். திரும்பி வந்து குடியிருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். மூன்றாவது வீட்டில் ஒரு முதியவர் பெயரைப் பார்த்ததும் சொன்னார், அது தையல்காரரின் பெயர், அவர் புத்தளத்தில் மவுத்தாகி வருசக்கணக்கு, மகள் அங்கேதான் இருக்கிறா என்று. போன் நம்பரும் அவரே எடுத்துத் தந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மெசினின் நிறத்தைச் சொன்னேன், அதில் இருந்த பூவைச் சொன்னேன். அந்தப் பக்கம் கனநேரம் சத்தமில்லை. பிறகு கேட்டா:

"தம்பி, வலப்பக்க லாச்சியின்ட பிடி உடைஞ்சிருக்கா?"

உடைந்துதான் இருக்கிறது.