ஒரு மாதப் பயிற்சிக்கு எங்கே போவது? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பல்லடம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு முடிக்கிறேன். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். இந்த லீவில் ஒரு மாதம் இன்-பிளான்ட் டிரெய்னிங் (தொழிற்சாலையில் நேரடிப் பயிற்சி) போய் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். கோவையில் ஒரு சென்டரில் 4,000 ரூபாய் கட்டினால் பத்து நாள் வகுப்பு, ரிப்போர்ட், சான்றிதழ் எல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். வகுப்பில் பாதிப்பேர் அங்கேதான் சேர்கிறார்கள். கணபதியில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு சின்ன சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடுகிற மெஷின்) பட்டறையிலும் வரச் சொல்கிறார்கள். சம்பளம் இல்லை. மத்தியானச் சாப்பாடும் பஸ் காசும் தருவார்கள். போய்ப் பார்த்தேன். என் வயதுப் பையன் ஒருவன் சிப்ஸ் (மெஷின் சீவித் தள்ளுகிற உலோகச் சீவல்) அள்ளிக்கொண்டிருந்தான். "பொண்ணுன்னா க்யூசில உட்கார வச்சுக்கலாம்" என்றார் முதலாளி, தரப் பரிசோதனை மேஜையைச் சொன்னார். சம்பளமில்லாமல் வேலை வாங்குவது சுரண்டல் இல்லையா என்று அண்ணன் கேட்கிறான். எனக்கு டிசைன் பக்கம் போகத்தான் ஆசை. அந்தப் பட்டறையில் ஒரு மாதம் நின்றால் அதற்கு ஏதாவது பயன் உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

பட்டறைக்குப் போங்கள். உங்கள் அண்ணன் கேட்ட கேள்வி நியாயமானது, அதற்குக் கீழே பதில் சொல்கிறேன்.

சென்டரில் நீங்கள் ஒரு அளவைத் தப்பாக எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதனாலேயே உங்களைத் திருத்த வேண்டிய அவசியமும் அங்கே யாருக்கும் இல்லை. பட்டறையில் அப்படியில்லை. நீங்கள் 'ஓகே' என்று தள்ளிவைத்த ஜாப் (மெஷினில் செய்த உதிரிபாகம்) கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்தால் முதலாளி பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே உங்கள் பக்கத்தில் நிற்கும் செட்டர், அதாவது மெஷினை வேலைக்குத் தயார்செய்கிறவர், உங்களுக்குச் சொல்லித்தந்தே ஆகவேண்டும், அவருக்குப் பொறுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும். பயிற்சிக்கு இடம் தேடும் எல்லோரிடமும் நான் இதைத்தான் சொல்வேன். உங்கள் தப்புக்கு விலை இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள்.

கோவையில் பம்ப் உதிரிபாகங்களின் தரப் பரிசோதனையில் நெடுங்காலம் இருந்தவன் நான். புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் இடறுகிற ஒரு இடத்தைச் சொல்கிறேன். அலுமினியத்தில் ஒரு பேரிங் ஹவுசிங் (பேரிங் உட்காருகிற கூடு), உள்ளே 100 மில்லிமீட்டர் போர் (துளை), டாலரன்ஸ் (அனுமதிக்கிற அளவு வித்தியாசம்) எச்7 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது அளவு நூறுக்குக் கீழே வரவே கூடாது, மேலே 35 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை போகலாம். மெஷினிலிருந்து இறக்கிய கையோடு, துளையை அளக்கிற போர் கேஜை விட்டுப் பார்க்கிறீர்கள். நூறுக்கு மேல் 20 மைக்ரான் காட்டுகிறது. நல்ல ஜாப் என்று டிரேயில் வைக்கிறீர்கள். சாயங்காலம் அசெம்பிளியில் பேரிங் உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. என்ன நடந்தது? ஜாப் சூடாக இருந்தது. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் அளவுக்கு விரியும். ஜாப் 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 100 மில்லிமீட்டருக்கு 46 மைக்ரான் ஆகிவிடுகிறது. கொடுத்திருக்கிற டாலரன்ஸே 35தான். ஆறினதும் போர் நூறுக்குக் கீழே போய்விட்டது.

இந்தக் கணக்கு உங்கள் பாடத்தில் இருக்கிறது. பரீட்சையில் வந்தால் நீங்களே போட்டுவிடுவீர்கள். ஆனால் ஜாப்பைத் தொட்டுப் பார்த்து, சூடு தெரிந்தால் ஒதுக்கி வைத்து, ஆறவிட்டு அளக்க வேண்டும் என்று கைக்குத் தோன்ற வேண்டுமே, அதை எந்த வகுப்பும் தராது. திரும்பி வந்த டிரேயைப் பார்த்த பிறகு தானாக வந்துவிடும்.

இதை நூறு வருடத்துக்கு முன்பே யோசித்தவர் ஒருவர் இருந்தார். ஹெர்மன் ஷ்னைடர் என்று பெயர், அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர். தொழிற்சாலையில் இருப்பதைக் கல்லூரிக்குள் கட்டிவைத்து நகலெடுக்க முடியாது, தியரியை நாம் சொல்லித்தருவோம், வேலையை நிஜமான தொழிற்சாலை சொல்லித்தரட்டும் என்பது அவர் கட்சி. 1906இல் 27 மாணவர்களை வைத்துத் தொடங்கினார். மாணவர்களை ஜோடி சேர்த்து, ஒரு வாரம் ஒருவர் வகுப்பில், மற்றவர் தொழிற்சாலையில், அடுத்த வாரம் மாறிக்கொள்ள வேண்டும். வேலைக்குக் கூலியும் உண்டு. நம் ஊர் சாண்ட்விச் டிப்ளமோவிலும் இந்த எண்ணம்தான் இருக்கிறது. மூன்றரை வருடப் படிப்பு, நடுவில் இரண்டு தடவை மாணவர்கள் தொழிற்சாலைக்குப் போய்விடுவார்கள். உங்கள் படிப்பு அப்படிப்பட்டதல்ல. உங்களுக்குக் கிடைப்பது இந்த ஒரு மாதம்தான். அதையும் 4,000 ரூபாய்க்கு விற்றுவிட வேண்டாம் என்கிறேன்.

டிசைனுக்குப் பயன் உண்டா என்று கேட்டீர்கள். டிசைனுக்குத்தான் அதிகம் உண்டு. பட்டறை பார்க்காமல் வரைகிறவர்களின் டிராயிங்கை ஒரு செட்டர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். மில்லிங் மெஷினில் குடைகிற பாக்கெட்டின் (பள்ளத்தின்) உள்மூலையைக் கூர்மையாக வரைந்திருப்பார்கள். சுற்றுகிற கட்டர் உருளை, அது எப்படி மூலைக்குள் போகும்? எதனோடும் பொருந்தாத ஒரு வெளிப்பரப்புக்கு 10 மைக்ரான் டாலரன்ஸ் போட்டு, ஜாப்பின் விலையை வீணாக ஏற்றியிருப்பார்கள். இப்படி ஒரு டிராயிங் வந்தால் பட்டறையில் நாலு பேர் கூடி நின்று பேசுவார்கள். அந்தப் பேச்சைப் பக்கத்தில் நின்று கேளுங்கள். சாலிட்வொர்க்ஸ் மாதிரி டிசைன் மென்பொருளை வீட்டிலிருந்தே பழகிக்கொள்ளலாம், இதைப் பழக முடியாது.

க்யூசி விஷயம். பொண்ணு என்றதும் க்யூசி என்று முதலாளி சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. கோவையில் பல பட்டறைகளில் இன்னும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அதற்காக க்யூசி மேஜையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எல்லா மெஷினின் தப்பும் வந்து சேருகிற இடம் அது, அங்கே உட்கார்ந்தால் மொத்தப் பட்டறையும் தெரியும். சேரும்போதே, "இரண்டு வாரம் க்யூசி, இரண்டு வாரம் மெஷின்" என்று கேட்டுவிடுங்கள். முதலாளி இழுத்தால் செட்டரிடம் கேளுங்கள். ஆர்வமாகக் கேட்கிற பிள்ளையை மெஷின் பக்கம் சேர்த்துக்கொள்ளாத செட்டரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது அண்ணனுக்கு. சிப்ஸ் அள்ளுவது இழிவு இல்லை. ஸ்டீல் சிப்ஸ் நீலம் பாய்ந்திருக்கிறதா, துண்டு துண்டாக உடைகிறதா, நூல் மாதிரி சுருண்டு டூலைச் சுற்றுகிறதா என்று பார்த்தே அந்த மெஷினில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அள்ளும்போது ஏன் என்று கேளுங்கள். ஆனால் மாதம் முழுக்க அதையே செய்யச் சொன்னால் பயிற்சி இல்லை. உங்களை ஒரு மெஷினில் நிறுத்தி, ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று கணக்கும் வைத்து, சம்பளமும் தராவிட்டால், சந்தேகமே வேண்டாம், அது சுரண்டல்தான். ஒரு ஆபரேட்டருக்குக் கொடுக்க வேண்டிய கூலியை உங்களிடமிருந்து மிச்சம் பிடிக்கிறார்கள். அன்றைக்கே வந்துவிடுங்கள்.

பாதுகாப்பு பற்றி எதுவும் சொல்லாமல் மெஷினைத் தொடவிட்டாலும் வந்துவிடுங்கள். லேத்தில் ஓடுகிற ஜாப்புக்குப் பக்கத்தில் கையுறை போடக் கூடாது, துணியோடு கையையும் இழுத்துவிடும். துப்பட்டா வேண்டவே வேண்டாம், பின்னலை உள்ளே சொருகிக்கொள்ளுங்கள், சிப்ஸைக் கையால் இழுக்காதீர்கள், கொக்கி இருக்கும். முதல் நாளே இதையெல்லாம் அவர்களாகச் சொன்னால் நல்ல பட்டறை என்று நம்பலாம்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். டிராயிங்கை போனில் படம் எடுக்காதீர்கள், அது கஸ்டமருடைய சொத்து, எடுத்தால் உங்களை உள்ளே விட மாட்டார்கள். அன்றைக்கு என்ன ரிஜெக்ட் ஆனது, ஏன் ஆனது, எப்படிச் சரிசெய்தார்கள் என்று மட்டும் உங்கள் கையால் எழுதுங்கள். நான் இண்டர்வியூ எடுத்த காலத்தில் சான்றிதழ் ஃபைலை யாரும் அவ்வளவாகப் புரட்டவில்லை. "நீ பார்த்த ஒரு ரிஜெக்ஷனைச் சொல்லு" என்று கேட்போம். சொல்லத் தெரிந்தவர்களை எடுத்துக்கொள்வோம். அப்புறம், கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் பட்டறைக்காரர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள். நல்லபடியாக வேலை பார்த்த பிள்ளைக்காக ஒரு செட்டர் போட்டுத்தருகிற போன் வேலை வாங்கித் தருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டிப்ளமோ முடிந்தபிறகு சம்பளமில்லாமல் எங்கும் நிற்காதீர்கள். அப்போது உங்களுக்குச் சட்டம் இருக்கிறது. 1961ஆம் வருட அப்ரன்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டத்தில் டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களையும் 1973இல் சேர்த்தார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் அப்ரன்டிஸ் எடுத்தே ஆகவேண்டும். 2019 விதிகளில் டிப்ளமோ அப்ரன்டிஸுக்கு மாதம் குறைந்தது 8,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தார்கள், அதில் பாதியை மத்திய அரசு ஏற்கும். ஒரு வருடப் பயிற்சி. முடிந்ததும் அங்கேயே வேலை கிடைக்கும் என்று உறுதி கிடையாது, அதைத் தெரிந்துகொண்டு போங்கள். என்ஏடிஎஸ் (தேசிய அப்ரன்டிஸ் பயிற்சித் திட்டம்) இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம், தென்மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஏஜென்ட் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. ரிசல்ட் வந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள், பெரிய கம்பெனிகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அன்புடன்.