போர்டர் ஓட்ட டெஸ்டில் பிடிபட்டால், அடுத்த கொம்பனிக்கும் தெரியுமா?

ஸ்காபுரோவில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெரிய ட்ரக் ஓட்டும் ஏ-இசட் லைசென்ஸ் இருக்கிறது, அமெரிக்காவுக்கு ட்ரக் ஓடும் ஒரு கொம்பனியில் வேலைக்கு முன் சலப் பரிசோதனை செய்தார்கள், கஞ்சா பிடிபட்டுவிட்டது. "கனடாவில் 2018இலேயே சட்டபூர்வமாகிவிட்டதே, அந்த வேலையும் கிடைக்கவில்லை, வேறு கொம்பனிக்குச் சொல்லாமல் போகலாமா?"

தம்பி, நீங்கள் சொல்லாவிட்டாலும் தெரிந்துவிடும். போர்டர் தாண்டி ஓடுகிறவருக்கு அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிதான் பொருந்தும், இங்கே கடையில் பில்லோடு வாங்கியது என்பது அங்கே எடுபடாது. வேலை கிடைக்காவிட்டாலும் அந்த முடிவு கிளியரிங்ஹவுஸ் என்ற, ட்ரைவர்களின் போதை டெஸ்ட் விவரம் வைக்கும் அமெரிக்க அரசுப் பதிவேட்டில் ஏறும். 2020 ஜனவரியில் இருந்து அமெரிக்க ஓட்டம் உள்ள எந்தக் கொம்பனியும் உங்களை ட்ரக்கில் ஏற்றுமுன் அதைப் பார்த்தே ஆகவேண்டும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஐந்து வருடம் பொறுத்தால் தானாக அழிந்துவிடும் என்று நம்பிச் சும்மா இருக்கிறார்கள். அப்படி இல்லை. எஸ்ஏபி என்ற போதைப்பொருள் ஆலோசகரிடம் போய், அவர் சொன்ன வகுப்பையோ சிகிச்சையையோ முடித்து, ஒருவர் நேரில் பார்த்து நிற்க மறுபடி சலம் கொடுத்து அது நெகட்டிவ் ஆக வரும்வரை அமெரிக்க ஓட்டத்துக்கு உள்ள தடை நீடிக்கும், பதிவும் அழியாது. நெகட்டிவ் வந்தால் தடை நீங்கும், அடுத்த நாளே ஒருவர் வேலை தரலாம். ஆனால் முதல் 12 மாதத்தில் குறைந்தது 6 திடீர் டெஸ்ட் உண்டு, பதிவும் ஐந்து வருடமாவது இருக்கும். தடையை நீக்கும் அந்த டெஸ்டுக்கு அனுப்ப ஒரு கொம்பனி வேண்டும், அதனால் உண்மையைச் சொல்லி, அதற்கு அனுப்பத் தயாரான ஒரு முதலாளியை இப்போதே தேடுங்கள்.

முடிவே பிழை என்று நினைத்தால்? கப்பில் கொடுத்ததை உங்கள் கண்முன்னே இரண்டு போத்தலில் ஊற்றி, சீல் ஒட்டி, அதில் உங்கள் இனிஷியல் வாங்கினார்கள் அல்லவா, அந்த இரண்டாவது போத்தல் இதற்குத்தான். டெஸ்ட் முடிவுகளைச் சரிபார்க்கும் டொக்டர் முடிவை உங்களுக்கு அறிவித்து 72 மணி நேரத்துக்குள் அதை வேறு லாப்பில் சோதிக்கக் கேட்கலாம். கஞ்சாச் செடியில் இருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய்தான் பாவித்தேன் என்ற விளக்கத்தை அவர் ஏற்கமாட்டார்.

கனடாவுக்குள் மட்டும், ரொறன்ரோ-மொன்றியல் மாதிரி, ஓடுகிற வேலையை இந்தத் தடை தொடாது. அதற்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் படிவத்தில் கேட்டிருந்தால் பொய் எழுதாதீர்கள், பிறகு வேலையால் நிற்பாட்ட அது ஒன்றே போதும். ஒன்ராறியோவில் வர்த்தக வாகனம் ஓட்டும்போது உடம்பில் கஞ்சா துளியும் இருக்கக்கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இன்றைக்கே கிளியரிங்ஹவுஸில் கணக்குத் திறந்து உங்கள் பதிவைப் பாருங்கள், அது இலவசம். டெஸ்ட் எடுத்த கொம்பனி உங்களுக்கு எஸ்ஏபி பெயர்ப்பட்டியல் தரக் கடமைப்பட்டது, தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.