விடியற்காலையில் மேலே வரும் இறால்: சென்சார் வாங்கும் முன்

நண்பரே, பரங்கிப்பேட்டையில் உங்கள் பயோஃப்ளாக் குளத்து (கழிவைத் தின்னும் பாக்டீரியாவை நீரிலேயே திரளாக வளர்க்கும் முறை) வனாமி வகை இறால் விடியற்காலையில் நீர்மட்டத்துக்கு வருகிறது, ஆக்சிஜன் சென்சார் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் ஏரேட்டரை, அதாவது நீரில் காற்றைக் கலக்கும் கருவியை, நிறுத்துவதாக எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றே விடுங்கள்.

இந்தக் குளத்தில் இறால் மட்டும் மூச்சுவிடவில்லை. அம்மோனியாவைத் தின்று திரளும் பாக்டீரியாவும் ஆக்சிஜனை இழுக்கிறது. இரவில் பாசியும் அதையே செய்கிறது. அதனால்தான் விடிவதற்குச் சற்றுமுன் ஆக்சிஜன் அளவு மிகவும் குறைந்துபோகிறது. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கவே விடாதீர்கள். மாலையில் ஊற்றும் வெல்லப்பாகைக் காலைக்கு மாற்றுங்கள். சர்க்கரை கிடைத்ததும் பாக்டீரியா பெருகி இன்னும் அதிகமாக இழுக்கும். இம்ஹாஃப் கூம்பில் (படிவை அளக்கும் கோடு போட்ட கூம்புக் குடுவை) குளத்து நீரை அரைமணி நேரம் படியவிட்டுப் பாருங்கள். படிவு லிட்டருக்கு 15 மில்லிலிட்டரைத் தாண்டினால் குளத்துத் திரளில் கொஞ்சம் வெளியேற்ற வேண்டும்.

சென்சாரில் ஒளிமுறையில் அளப்பதே நல்லது. அதன் முனையில் திரள் ஒட்டினால் தவறான அளவு காட்டும், அடிக்கடி துடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகைப் புயலில் மின்சாரம் போய் ஆக்சிஜன் குறைந்தால் சென்சார் எச்சரித்து உங்களை எழுப்பும், அவ்வளவுதான். இறாலைக் காப்பாற்றுவது ஜெனரேட்டர். கையில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால், தயங்காமல் ஜெனரேட்டரையே வாங்குங்கள்.

சதுர மீட்டருக்கு எத்தனை குஞ்சு விட்டீர்கள், ஏரேட்டர் எத்தனை குதிரைத்திறன்? எழுதுங்கள், போதுமா என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.