கடற்கண்ணி வெடித்துக் கீல் (கப்பலின் அடியில் ஓடும் முதுகெலும்பு) முறிந்த பிறகும் ஒரு போர்க்கப்பல் பிழைத்ததுண்டா?

உண்டு. அமெரிக்கக் கடற்படையின் சாமுவேல் பி. ராபர்ட்ஸ். 1986-ல் பணியில் சேர்ந்த பிரிகேட் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்), ஆலிவர் ஹசார்ட் பெர்ரி வகை. செலவைக் குறைக்க ஒரே ப்ரொப்பல்லரோடு கட்டிய வகை என்பதால், அடிபட்டால் தாங்குமா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது.

1988 ஏப்ரல் 14, ஈரான்-ஈராக் போர் நடக்கும் நேரம், பாரசீக வளைகுடா. முன்னால் மூன்று கண்ணிகள் மிதப்பதைக் காவலில் இருந்த மாலுமி பார்த்துவிட்டார். கேப்டன் பால் ரின் வந்த வழியிலேயே கப்பலைப் பின்னால் எடுக்கச் சொன்னார், ஆனால் யார் கண்ணிலும் படாத இன்னொரு கண்ணி அடியில் வெடித்தது. கீல் முறிந்தது, ஏறக்குறைய நாலரை மீட்டர் ஓட்டை, இரண்டு டர்பைன் எஞ்சின்களும் இருக்கையிலிருந்து பெயர்ந்தன, எஞ்சின் அறைக்குள் கடல் புகுந்தது, கூடவே தீயும் பிடித்தது. இன்னும் ஒரு அறை நிரம்பியிருந்தால் கப்பல் மூழ்கியிருக்கும்.

அடுத்த அறைக்குள் தண்ணீர் போகாமல் நின்ற தடுப்புச் சுவரை மாலுமிகள் விடவில்லை என்பதுதான் விஷயம். மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, கசிந்த இடங்களில் கையில் கிடைத்ததையெல்லாம் திணித்தார்கள். மேல்கட்டுமானம் விரிசல்விட்டபோது இரும்புக் கம்பி வடங்களால் இழுத்துக் கட்டினார்கள். அப்புறம், துறைமுகத்தில் நகர்த்த வைத்திருந்த இரண்டு சிறிய துணை மோட்டார்களை ஓட்டி மெதுவாகக் கண்ணிப் பரப்பை விட்டு வெளியே வந்தார்கள். பத்துப் பேர் காயம்பட்டார்கள், ஒரு உயிர்கூடப் போகவில்லை. பலர் கப்பலின் வடிவமைப்பைப் பாராட்டுகிறார்கள், என் கணக்கில் பெருமை அந்த மாலுமிகளின் பயிற்சிக்கே.

கண்ணியை வைத்தது ஈரான்தான் என்று சொல்லி, நான்கு நாளில் அமெரிக்கா பதிலடி கொடுத்து ஈரானின் சஹந்த் பிரிகேட்டை மூழ்கடித்தது. அதே நாளில் ஈரானிய எண்ணெய் மேடைகளையும் தாக்கியதைத் தற்காப்பு என்று ஏற்க முடியாது என 2003-ல் சர்வதேச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள்.

சரி, கப்பல் என்ன ஆனது? மைட்டி சர்வண்ட் 2 என்ற பாரந்தூக்கிக் கப்பலின் முதுகில் ஏறி ஊர் திரும்பியது. மெய்ன் மாநிலத்தின் பாத் அயர்ன் வொர்க்ஸ், அதைக் கட்டிய அதே நிறுவனம், சிதைந்த எஞ்சின் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு 315 டன் எடையில் புதிதாகச் செய்த பகுதியைப் பொருத்தியது. 1989-ல் மீண்டும் கடலுக்குப் போய், 2015 வரை பணியில் இருந்தது.