மேனேஜர் ஆகவா, கோடிங்கிலேயே இருக்கவா?

கேள்வி: வயது 34. வீடு தண்டையார்பேட்டை. சிறுசேரியில் ஓர் ஐ.டி. கம்பெனியில் 11 வருடம், இப்போது டெக் லீட் (டீமின் தொழில்நுட்ப வேலையை முன்னின்று நடத்துபவர்). எட்டுப் பேர் டீமுக்கு என்ஜினீயரிங் மேனேஜர் ஆகச் சொல்கிறார்கள். ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன அப்பா, ‘மேனேஜர்’ என்றதும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கோ கோடிங் கைவிட்டுப் போகுமோ என்று பயம். பிற்காலத்தில் வைஸ் பிரசிடென்ட், சி.டி.ஓ. (தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி) என்று போகவும் ஆசை. என்ன செய்யலாம்?

பதில்: நானும் பக்கத்து ராயபுரத்துக்காரன்தான். அப்பா தெருவில் சொல்லிவிட்டார் என்பதற்காக மட்டும் தலையாட்டிவிடாதீர்கள்.

சம்பளச் சீட்டில் இது பதவி உயர்வு. சீட்டில் போய் உட்கார்ந்தால்தான் தெரியும், வேலையே வேறு. நான் மேனேஜரான புதிதில், ராத்திரி ப்ரொடக்‌ஷன் டவுன் ஆனால் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சிஸ்டம் நின்றுபோனால்) யாரையும் எழுப்ப மனம் வராது. மொட்டை மாடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கன்டெய்னர் லாரி ஹாரனுக்கு நடுவே நானே சரிசெய்துவிடுவேன். டீமில் ஒரு ஜூனியர் பெண். முந்தின நாள் அவர் பாதி கண்டுபிடித்து வைத்திருந்ததை நான் முடித்திருப்பேன். மூன்றாவது தடவை அவர் ஒன்றும் பேசவில்லை. டிக்கெட்டை (எந்த வேலை யார் பொறுப்பு என்ற பதிவை) தன் பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, நானே செய்வதல்ல, மற்றவர்களைச் செய்ய விடுவதுதான் என் வேலை என்று.

அப்படியானால் மேனேஜரே எதற்கு என்று கேட்பீர்கள். கூகுள் 2000-களின் தொடக்கத்தில் என்ஜினீயரிங் மேனேஜர்களே வேண்டாம் என்று முயன்று பார்த்தது. செலவுக் கணக்கும் ஆளுக்கு ஆள் சண்டையும் நேராக கூகுளை நிறுவியவர்களில் ஒருவரான லாரி பேஜிடம் போய் நின்றன. சில மாதங்களில் கைவிட்டார்கள்.

மேலே போகப் போக என்ன ஆகும்? டைரக்டர் ஆனால் மேனேஜர்களை மேய்க்க வேண்டும். வைஸ் பிரசிடென்ட் ஆனால் பட்ஜெட், ஆள் எடுப்பது, அடுத்த வருடத் திட்டம். சி.டி.ஓ. மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சின்ன ஸ்டார்ட்அப்பில் அவரே கோட் எழுதுவார். உங்கள் ஆசை அந்தப் பக்கம் என்றால், ஆட்களை வைத்து வேலை வாங்கக் கற்காமல் முடியாது. அதனால் ஒத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். திரும்பி வரவே முடியாது என்றும் இல்லை. ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் சி.இ.ஓ. பொறுப்பை விட்டுவிட்டு, ஆராய்ச்சியைக் கவனிக்கத் தலைமை விஞ்ஞானியானார். அவர் முதலாளி, நமக்கு அந்த வசதி இல்லை, சரி. அதனால் நீங்கள் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

எட்டுப் பேருக்கும் அப்ரைசல் போடப்போவது நீங்களா? ஆள் எடுப்பதில் உங்கள் பேச்சு எடுபடுமா? இரண்டுக்கும் இல்லை என்றால், அது பழைய டெக் லீட் வேலைதான், கூடவே ராத்திரி கிளையன்ட் கால். அப்புறம், ஆட்களை மேய்க்காமல் தொழில்நுட்பத்திலேயே மேலே போக பிரின்சிபல் என்ஜினீயர், ஆர்க்கிடெக்ட் என்று இன்னொரு ஏணி இருப்பதாகச் சொல்வார்கள். அதில் நிஜமாக யாராவது ஏறியிருக்கிறாரா, டைரக்டருக்கு நிகரான சம்பளம் வாங்குகிறாரா என்று விசாரியுங்கள். பல இடங்களில் அந்த ஏணி ஸ்லைடில் மட்டும்தான் இருக்கும்.

ஆறு மாதம் பார்க்கிறேன், சரிவரவில்லை என்றால் பழைய இடத்துக்கே வருகிறேன் என்று கேளுங்கள். சம்மதித்தால் மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது அப்ரைசல் சமயத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.